அடுப்பங்கரைக் கழிவில் அனலும் எருவும்

புனே நகரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வாழும் நம் தமிழன்பர்களில், கட்கியிலும் ராஸ்தா பேட்டையிலும் தலைமுறை தலைமுறையாக வேரூன்றியவர்கள் ஒரு சாரார்; தொழிற்சாலைகளையும் கணினி நிறுவனங்களையும் நாடி வந்து பிம்பிரி, சிஞ்ச்வட், ஔந்த், வாக்கட் முதலிய பகுதிகளில் அண்மைக் காலத்தில் குடியமர்ந்தவர்கள் மற்றொரு சாரார். இவ்விரு சாராரின் இல்லங்களிலும் இந்நாட்களில் ஒரே பேச்சு எழுவதை நாம் கேட்கிறோம். "ஈரக் கழிவைத் தனியே பிரித்துக் கொடுங்கள் என்கிறார்கள். குடியிருப்பின் வளாகத்திலேயே எருவாக்குங்கள் என்கிறார்கள். வரியும் கட்டிவிட்டு இந்த வேலையையும் நாமே செய்ய வேண்டுமா?" என்பதே அப்பேச்சு.

கேள்வி நியாயமானதே. நியாயமான கேள்விக்கு விடை கூறாமல் உபதேசம் மட்டும் செய்வது ஒரு பத்திரிகைக்கு அழகன்று. ஆகவே இத்திங்கள் இப்பகுதியில், நம் அடுப்பங்கரையிலிருந்து நாள்தோறும் வெளியேறும் கழிவு என்னவாகிறது, அதனை என்னவாக ஆக்க இயலும், அதனால் யாருக்கு என்ன நன்மை என்பவற்றைக் கூடியவரையில் தெளிவாக ஆராய விரும்புகிறோம்.

கூடைக்குள் இருப்பது என்ன?

காய்கறித் தோல், வாழைப்பழத் தோல், மீந்த சோறு, காப்பிச் சக்கை, முருங்கைக்காய்ச் சக்கை, கறிவேப்பிலைக் காம்பு: இவையே நம் வீட்டு ஈரக் கழிவின் பெரும்பகுதி. இதன் எடையில் பத்தில் ஏழெட்டுப் பங்கு வெறும் நீர். எஞ்சியது மாவுப்பொருளும் நாரும் சிறிது கொழுப்பும் புரதமும் ஆகும். உயிருள்ள எதற்கும் இவை உணவு. நாம் உண்டது போக மீந்ததை நுண்ணுயிர்கள் உண்ணக் காத்திருக்கின்றன. அவை எங்கே, எவ்வாறு உண்ண வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்பு மட்டுமே நம்முடையது.

அந்தத் தீர்மானத்தை நாம் செய்யாவிடில் என்ன நேரும்? ஈரமும் உலர்ந்ததும் பிளாஸ்டிக்கும் கலந்த மூட்டை லாரி ஏறி ஊருக்கு வெளியே போகும். புனே நகரின் குப்பை பல்லாண்டுகளாக உருளி தேவாச்சி, புர்சுங்கி என்னும் இரு கிராமங்களின் எல்லையில் மலையாகக் குவிக்கப்பட்டது. குப்பை மலையின் அடியில் காற்றுப் புகுவதில்லை. காற்றில்லாத இடத்தில் உணவு அழுகும்போது மீத்தேன் என்னும் வாயு பிறக்கிறது. அது தானே தீப்பற்றவும் கூடும்; தீப்பற்றாமல் வானில் கலந்தால், நூறாண்டுக் கணக்கில் பார்க்கும்போது, கரியமில வாயுவைக் காட்டிலும் ஏறக்குறைய 27 மடங்குக்கு மேல் புவியைச் சூடாக்குகிறது. அழுகலிலிருந்து வடியும் கருநீரோ நிலத்தில் இறங்கிக் கிணற்றை அடைகிறது. தம் கிணறுகள் கெட்டன என்றும் தம் பிள்ளைகள் நாற்றத்தில் வளர்கின்றனர் என்றும் அக்கிராம மக்கள் பலமுறை சாலையில் இறங்கிக் குப்பை லாரிகளை மறித்திருக்கின்றனர்.

இது மராட்டியத்துக்கு மட்டும் உரிய கதை என்று எண்ண வேண்டா. சென்னைப் பெருங்குடியின் குப்பைக் கிடங்கு 2022 ஏப்ரல் மாதத்தில் தீப்பற்றி நாட்கணக்கில் புகைந்ததையும், சுற்றிலும் வசித்த நம் உறவினர்கள் சன்னல்களை அடைத்துக்கொண்டு இருந்ததையும் அறிவோம். நம் வீட்டு முருங்கைக்காய்ச் சக்கை அயலான் கிணற்றில் விஷமாகிறது என்றால், வரி கட்டிய ரசீது அந்தக் குற்றத்தைத் துடைத்துவிடாது அன்றோ?

புதிய செய்தி அன்று

கழிவைச் செல்வமாக்குதல் நமக்குப் புதிய பாடமும் அன்று. தஞ்சை மாவட்டத்திலோ திருநெல்வேலிச் சீமையிலோ பிறந்த முதியோரைக் கேட்டுப் பாருங்கள். வீட்டுக் கொல்லையில் எருக்குழி இல்லாத குடியானவர் வீடு இருந்ததில்லை. கழுநீர்த் தொட்டி மாட்டுக்கு. தோலும் தழையும் குழிக்கு. குழியின் எரு வயலுக்கு என்று ஒரு சுற்று நடந்துகொண்டே இருந்தது. கொல்லையை விட்டு ஆறாவது மாடிக்கு வந்தபோது அந்தச் சுற்றின் ஒரு கண்ணி அறுந்தது.

அந்தச் சுற்றினையே ஒரு பொருளாதார தத்துவமாக விளக்கியவர் நம்மவர் ஒருவர். 1892-ஆம் ஆண்டு தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா, காந்தியடிகளின் அழைப்பை ஏற்று, இதே மராட்டிய மாநிலத்தில் உள்ள வார்தாவில் தங்கி, 1934-இல் தோன்றிய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்தினார். மண்ணிலிருந்து எடுத்ததை மண்ணுக்குத் திருப்பித் தராத வாழ்வு நிலைக்காது என்பது அவருடைய நிலைபேற்றுப் பொருளாதாரத்தின் சாரம். மராட்டியத்தில் வாழ வந்த ஒரு தமிழர் இந்த மண்ணுக்கு அளித்த கொடை அது என்று நாம் பெருமைப்படலாம்.

விஞ்ஞானமும் இதே காலத்தில் இத்துறையில் முன்னேறிற்று. ஆல்பர்ட் ஹாவர்டு என்னும் ஆங்கிலேய விவசாய நிபுணர், இந்திய உழவர்களிடமிருந்து கற்றதையும் தம் ஆராய்ச்சியையும் சேர்த்து இந்தூரில் வகுத்த கம்போஸ்டு முறையை 1931-இல் நூலாக வெளியிட்டார். எரிவாயுவின் கதை அதனினும் பழையது. பம்பாய் மாதுங்காவில் இருந்த தொழுநோயாளர் இல்லத்தில் 1897-ஆம் ஆண்டிலேயே கழிவிலிருந்து வாயு எடுத்து விளக்கு எரித்தனர். தமிழர் பேட்டை என்று பெயர் பெற்ற அதே மாதுங்காதான்! பின்னர் 1950-களில் ஜஷ்பாய் படேல் என்பவர் மிதக்கும் மூடியுடன் கூடிய சாண எரிவாயுக் கலனை வடிவமைத்தார். அதனைக் காதி கிராமத் தொழில் ஆணைக்குழு 1960-களில் நாடெங்கும் பரப்பிற்று.

புனே தந்த புதுமை

சாண எரிவாயுக் கலனுக்கு மாடு வேண்டும், இடம் வேண்டும். நகரத்தில் இரண்டும் இல்லை. இந்தத் தடையைக் கடக்க வழி கண்டது நம் புனே நகரமே. 1996-இல் இங்கு நிறுவப்பெற்ற 'ஆர்ட்டி' என்னும் கிராமத் தொழில்நுட்ப நிறுவனத்தின் தலைவராக இருந்த டாக்டர் ஆனந்த் கர்வே, மகரிஷி தோண்டோ கேசவ் கர்வேயின் பேரர். மானிடவியல் அறிஞர் இராவதி கர்வே அம்மையாரின் புதல்வர். அவர் ஓர் எளிய உண்மையைப் பிடித்துக்கொண்டார். சாணம் என்பது மாடு தன் குடலில் ஏற்கெனவே சாறெடுத்து விட்ட சக்கை. அந்தச் சக்கையிலிருந்து வாயு எடுப்பதைக் காட்டிலும், சத்துக் குறையாத சோற்றையும் மாவையும் பழத்தையும் நேரே நுண்ணுயிர்களுக்கு ஊட்டினால், மிகச் சிறிய அளவிலிருந்தே மிகுந்த வாயு கிடைக்கும் அல்லவா? இந்த எண்ணத்தின் மீது 2003-ஆம் ஆண்டளவில் அவர் அமைத்த சிறிய கலன், 2006-இல் இங்கிலாந்தின் ஆஷ்டன் விருதைப் பெற்றது.

அதன் அமைப்பு எவர்க்கும் விளங்கும். மொட்டை மாடியில் நாம் வைத்திருக்கும் கறுப்புப் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி போன்றவை இரண்டு. பெரியது அடியில் வாய் திறந்து நிற்கும். சற்றுச் சிறியது அதனுள் தலைகீழாகக் கவிழ்ந்து மிதக்கும். தொடக்கத்தில் சாணக் கரைசலை ஊற்றிச் சில வாரம் விட்டால் வேண்டிய நுண்ணுயிர்கள் பெருகிவிடும். அதன்பின் நாள்தோறும் அரைத்த கழிவைத் தண்ணீரில் கரைத்து ஒரு குழாய் வழியே ஊற்ற வேண்டியதே. வாயு சேரச் சேர மேல்தொட்டி மெல்ல உயரும். அடுப்பு எரிய எரியத் தாழும். எவ்வளவு வாயு இருக்கிறது என்பதைத் தொட்டியின் உயரமே காட்டிவிடும்.

உள்ளே நடப்பது நம் வயிற்றில் நடக்கும் சீரணத்தை ஒத்தது. ஒரு வகை நுண்ணுயிர் மாவையும் நாரையும் சிறு துண்டுகளாக உடைக்கிறது. மற்றொரு வகை அவற்றை அமிலமாக்குகிறது. இறுதியில் மூன்றாம் வகை அந்த அமிலத்தை உண்டு மீத்தேனை வெளியிடுகிறது. கிடைக்கும் வாயுவில் நூற்றுக்கு 55 முதல் 65 பங்கு வரை மீத்தேன். எஞ்சியதில் பெரும்பகுதி கரியமில வாயு. மூன்றாம் வகை நுண்ணுயிர் மெல்ல வளரும் இயல்புடையது. ஆகவே ஒரே நாளில் அளவு மீறி ஊட்டினால் அமிலம் மிகுந்து, கலனுக்கு அசீரணம் உண்டாகும். வாயு வரும், ஆனால் எரியாது. குளிரும் அதற்கு ஆகாது. மார்கழி, தை மாதங்களின் புனே இரவுகளில் வாயு குறைவது இதனாலேயே. கலனை வெயில் படும் இடத்தில் வைப்பது நலம்.

கணக்குப் பார்ப்போம்

விளம்பரங்கள் கூறுவதை அப்படியே நம்பாமல், நாமே கணக்குப் பார்த்துவிடுவது நல்லது. ஒரு கிலோ ஈரக் கழிவு தோராயமாகக் கன மீட்டரில் பத்தில் ஒரு பங்கு வாயுவைத் தரும் என்று கொள்வோம். அது ஓர் அடுப்பைக் கால் மணி நேரம் அல்லது சற்று மேலாக எரிக்கும். ஒரு கன மீட்டர் வாயு ஏறக்குறைய அரைக் கிலோ சமையல் எரிவாயுவுக்கு ஈடு. நான்கு பேர் கொண்ட குடும்பம் நாளொன்றுக்கு ஒரு கிலோ கழிவு தந்தாலும், மாதம் முழுவதும் சேர்ந்து 14.2 கிலோ சிலிண்டரில் பத்தில் ஒரு பங்கே மிஞ்சும். இதற்காகத் தனி வீட்டுக்காரர் ஒருவர் கலன் வாங்கினால் முதல் திரும்பி வர நெடுநாளாகும்.

ஆனால் நூறு வீடுகள் உள்ள ஒரு குடியிருப்பு ஒன்று சேர்ந்தால்? நாளொன்றுக்கு நூறு கிலோ. பத்துக் கன மீட்டர் வாயு. மாதத்துக்கு ஏறக்குறைய பத்துச் சிலிண்டருக்கு ஈடான அனல்! காவற்காரர்களும் தோட்டக்காரரும் தேநீர் காய்ச்சவும், விழா நாட்களில் பொதுச் சமையல் நடத்தவும் அது போதும். தனித்துச் செய்தால் சிறுமை, கூடிச் செய்தால் பெருமை என்பதற்கு இதனினும் நல்ல கணக்கு வேண்டுமா?

வாயு போக எஞ்சும் கரைசலும் வீணன்று. மீத்தேனாகப் பிரிவது கரியும் ஹைட்ரஜனுமே; தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து ஆகியவை பெரும்பாலும் கரைசலிலேயே தங்குகின்றன. தண்ணீர் கலந்து செடிகளுக்கு ஊற்றலாம். ஒரே கழிவு முதலில் அடுப்புக்கும் பின்னர் மண்ணுக்கும் பயன்படுகிறது.

தமிழ்ச் சமையலறைக்குச் சில குறிப்புகள்

நம் சமையலுக்கு உரிய சில செய்திகளை வேறு மொழியாரின் குறிப்பேடுகள் சொல்வதில்லை. ஆதலால் இங்கே எழுதுகிறோம். மீந்த சோறு, வடித்த கஞ்சி, பழத்தோல் ஆகியவை வாயுக் கலனுக்கு விருந்து. புளிச்சக்கையும் எலுமிச்சைத் தோலும் பொங்கி வழிந்த புளித்த மாவும் அமிலம் மிகுந்தவை. சிறு அளவில் கொடுக்கலாம், மொத்தமாகக் கொட்டலாகாது. தேங்காய் நாரும் சிரட்டையும் கலனில் கரையா. அவற்றை உலர்ந்த பொருளாகத் தனியே வைக்க வேண்டும். வாழை இலையை அப்படியே போட்டால் மேலே மிதந்து குழாயை அடைக்கும். நறுக்கி எருக்கூடைக்கு அனுப்புவதே முறை. காப்பிச் சக்கையும் எருக்கூடைக்கே மிகவும் ஏற்றது.

வாயுக் கலனுக்கு வழியில்லாத வீட்டார் எருக்கூடை வைக்கலாம். காற்றுத் துளைகள் உள்ள ஒரு மண் தொட்டியோ கூடையோ போதும். ஒரு பிடி ஈரக் கழிவுக்கு ஒரு பிடி உலர்ந்த இலை அல்லது தேங்காய் நார்த்தூள் என்று அடுக்கிக்கொண்டே வரவேண்டும். ஈரக் கழிவில் தழைச்சத்து மிகுதி. உலர்ந்த இலையில் கரிச்சத்து மிகுதி. ஒரு பங்கு தழைச்சத்துக்கு 25 முதல் 30 பங்கு வரை கரிச்சத்து அமைந்தால் நுண்ணுயிர்கள் செழிக்கும். நாற்றம் அடித்தால் ஈரம் மிகுந்துவிட்டது என்று பொருள். உலர்ந்த இலையைச் சேர்த்துக் கிளறுக. வறண்டு கிடந்தால் புளித்த மோரை நீரில் கரைத்துத் தெளிக்க. ஏறக்குறைய 45 முதல் 60 நாட்களில் மழை பெய்த மண்ணின் மணம் வீசும் எரு கிடைக்கும். பிடித்துப் பார்த்தால் கையில் ஒட்டாது. காய்கறியின் உருவமும் தெரியாது.

மண்புழுக்களைக் கொண்டும் இவ்வேலையைச் செய்விக்கலாம். சென்னைப் புதுக்கல்லூரிப் பேராசிரியராக இருந்த டாக்டர் சுல்தான் அகமது இஸ்மாயில், நம் நாட்டு மண்புழு இனங்களே இப்பணிக்குப் போதும் என்று பல்லாண்டு ஆராய்ந்து காட்டியவர். புழுவுக்கு எண்ணெயும் உப்பும் காரமும் ஆகா. ஆதலால் சமைத்த குழம்பும் ஊறுகாயும் புழுத் தொட்டிக்குள் போகலாகாது.

ஊர் செய்ததும் செய்யாததும்

நகராட்சி வாளாவிருந்தது என்றும் கூற இயலாது. நாளொன்றுக்கு ஐந்து டன் கழிவை ஏற்கும் சிறு எரிவாயு நிலையங்கள் பலவற்றைப் புனே மாநகராட்சி நகரின் வெவ்வேறு பகுதிகளில் நிறுவிற்று. கழிவை வளாகத்திலேயே எருவாக்கும் குடியிருப்புகளுக்குச் சொத்து வரியில் சலுகை வழங்கும் ஏற்பாட்டையும் செய்தது. ஆயினும் அந்நிலையங்கள் எல்லாம் எதிர்பார்த்த அளவு ஓடவில்லை. பராமரிப்புக் குறை ஒரு காரணம்; நம் கூடையிலிருந்து சென்ற கலப்படம் மற்றொரு காரணம். ஒரு பிளாஸ்டிக் பை அரைவை இயந்திரத்தில் சுற்றிக்கொண்டால் டன் கணக்கான கழிவு வெளியே காத்துக் கிடக்க வேண்டியதுதான். இந்தூர் நகரில் 2022 பிப்ரவரியில் திறக்கப்பட்ட நிலையம் நாளொன்றுக்கு 550 டன் ஈரக் கழிவை ஏற்று, பேருந்துகளை ஓட்டவல்ல எரிவாயுவைத் தரும்படி அமைக்கப்பட்டது. அந்நகரத்து மக்கள் வீட்டு வாசலிலேயே கழிவைப் பிரித்துக் கொடுக்கப் பழகியதே அத்தகைய நிலையத்துக்கு அடித்தளம். இயந்திரத்தை அரசு வாங்கலாம். பழக்கத்தை யார் வாங்கித் தருவது?

வாசலில் நிற்கும் அக்காள்

இனி, இக்கட்டுரையில் நாம் மிகவும் வலியுறுத்த விரும்பும் செய்திக்கு வருகிறோம். புனேயில் குப்பை தானே நடந்து போவதில்லை. அதனை எடுப்பவர் இருக்கின்றனர். அவர்களிற் பெரும்பாலோர் பெண்கள். தாழ்த்தப்பட்ட குடிகளில் பிறந்த ஏழைகள். தெருத் தொட்டிகளைக் கிளறிக் காகிதமும் கண்ணாடியும் பொறுக்கிப் பிழைத்த இவர்கள், 1993-ஆம் ஆண்டு டாக்டர் பாபா ஆடவ் முதலியோரின் துணையுடன் 'காகத் காச் பத்ரா கஷ்டகரி பஞ்சாயத்' என்னும் தொழிற்சங்கத்தை அமைத்தனர். காகிதம், கண்ணாடி, தகரம் ஆகியவற்றில் பாடுபடுவோரின் மன்றம் என்பது அதன் பொருள். அதிலிருந்து தோன்றிய 'ஸ்வச்' கூட்டுறவுச் சங்கம், 2008-ஆம் ஆண்டு முதல் மாநகராட்சியுடன் உடன்படிக்கை செய்துகொண்டு, வீடு வீடாகச் சென்று கழிவு சேகரிக்கும் பணியை மேற்கொண்டது. உழைப்பாளிகளே உரிமையாளராய் உள்ள சங்கம் அது.

மாடிப்படி ஏறி வரும் அந்த அம்மையாரை நம் பிள்ளைகள் 'தாயி' என்று மராத்தியில் அழைக்கின்றனர். அக்காள் என்று அதற்குப் பொருள். ஓலா கச்சரா, சுக்கா கச்சரா என்று, ஈரமும் உலர்ந்ததும் பிரித்துத் தரும்படி அவர் நாள்தோறும் கேட்கிறார். நாம் கலந்து கொடுத்தால் அதனைப் பிரிக்கப்போவது இயந்திரம் அன்று, அவருடைய விரல்கள். ஊசிப்போன சாம்பாரில் ஊறிய காகிதத்துக்கு விலையில்லை. ஆகவே அவருடைய வரும்படியும் குறைகிறது. உடைந்த கண்ணாடியும் ஊசியும் உள்ளே இருந்தால் அவருடைய கை கிழிகிறது. மாதவிலக்குத் துணிகளையும் குழந்தைகளின் கழிவுத் துணிகளையும் காகிதத்தில் பொதிந்து சிவப்புப் புள்ளி இட்டுத் தாருங்கள் என்று அச்சங்கத்தார் ஓர் இயக்கமே நடத்தினர். ஒரு சொட்டுச் சிவப்பு மை. அதுதான் அவர்கள் நம்மிடம் கேட்ட மரியாதை. வாயால் அக்காள் என்று அழைத்துவிட்டுக் கையால் அழுகலைக் கொடுப்பது எந்த ஊர்ப் பண்பாடு?

வேற்று மாநிலத்தில் வாழும் நமக்கு இதில் இன்னொரு கடமையும் உண்டு. இந்நகரம் நமக்கு வேலை தந்தது, வீடு தந்தது, நம் பிள்ளைகளுக்குப் பள்ளி தந்தது. வந்தாரை வாழவைத்த ஊருக்கு நாம் விட்டுச் செல்வது புர்சுங்கியின் குப்பை மலையாக இருக்கலாகாது.

இந்த வேலையும் பெண்களின் தலையிலேயே விழுமோ என்று சகோதரிகள் அஞ்சுவதையும் அறிவோம். அந்த அச்சம் நியாயமானது. உண்ட தட்டில் மீந்ததை ஈரக் கூடையில் இடுவது உண்டவர் கடமை. ஆண்மக்களும் பிள்ளைகளும் இதில் விலக்குப் பெற்றவர் அல்லர். எருக்கூடையைக் கிளறும் பொறுப்பை வீட்டிலுள்ள சிறுவரிடம் ஒப்படைத்துப் பாருங்கள்; பள்ளிப் பாடத்தில் படித்த நுண்ணுயிரை அவர்கள் கண்முன் காண்பார்கள்.

ஆகவே அன்பர்களே, பெரிய காரியங்களுக்கு முன்னர் ஒரு சிறிய காரியத்தை வேண்டுகிறோம். வரும் ஒரு மாதம் உங்கள் இல்லத்தில் மூன்று கூடைகள் வையுங்கள்: ஈரத்துக்கு ஒன்று, உலர்ந்ததற்கு ஒன்று, தீங்கு தரும் பொருளுக்கு ஒன்று. ஈரக் கூடையின் எடையை ஒரு வாரம் குறித்து வைத்து, உங்கள் குடியிருப்பின் அடுத்த கூட்டத்தில் அந்தக் கணக்கை எடுத்துரையுங்கள். நம் சங்கத்தின் பொங்கல் விழாவில் பந்தி முடிந்ததும் இலையை ஒரு புறமும் மீந்த உணவை ஒரு புறமும் சேர்க்கும் தொண்டுக்கு இளைஞர்கள் முன்வர வேண்டும். நிலத்தின் விளைச்சலுக்கு நன்றி கூறும் நாளில், நிலத்துக்கு உரியதை நிலத்துக்கே திருப்பித் தருவதைக் காட்டிலும் பொருத்தமான வழிபாடு வேறு என்ன இருக்கிறது?

அடுத்த திங்கள், மாடத்துத் தொட்டிகளில் கீரையும் கறிவேப்பிலையும் வளர்க்கும் முறையை எழுதுவோம். அதற்குள் உங்கள் எரு பக்குவமாகத் தொடங்கியிருக்கும்!